முழு சார்ஜும் மே மாத வெயிலும்

புது போனை எட்டு மணி நேரம் சார்ஜ் போடுங்கள், சுத்தமாக இறங்கிய பிறகே மறுபடி ஏற்றுங்கள் என்று சொல்லி அனுப்பும் கடைக்காரர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் பேட்டரிக்கு அது பொருந்தாது. அடியோடு இறங்க விடுவது இதற்குக் கெடுதல்.

நம் ஊரில் இந்த பேட்டரியைத் தின்பது முழு சார்ஜோடு சேரும் சூடு. நிரம்பிய செல்லில் பெரும்பாலும் 4.2 வோல்ட் வரை மின்னழுத்தம் நிற்கும். அந்த நிலையில் உள்ளே இருக்கும் திரவம் மெல்லச் சிதைந்து லித்தியத்தைச் சிக்கவைக்கும். வெயில் அதை வேகப்படுத்தும். போன கொள்ளளவு திரும்பாது. உணவு டெலிவரி செய்பவரின் வண்டியைப் பாருங்கள்: ஹேண்டிலில் போன், திரை முழு வெளிச்சத்தில், மேப் ஓடுகிறது, பவர் பேங்க் வயரும் சொருகியிருக்கிறது, மேலே மே மாத வெயில். வேறு வழியில்லாத பிழைப்பு அது. மற்றவர்கள் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியை போன் செட்டிங்கில் போட்டுக்கொள்ளலாம். தலையணைக்கடியில் சார்ஜ் போடுவதை விட்டுவிடலாம். மின்சார ஸ்கூட்டரை ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜில் போடாமல் ஆறவிடலாம். ஸ்கூட்டரில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியென்றால் அவ்வப்போது முழுதாக ஏற்றச் சொல்வார்கள். கையேட்டைப் பார்ப்பதே சரி.

போனின் பின்மூடி ஓரம் தூக்கிக்கொண்டு, திரையின் விளிம்பில் கோடு போல இடைவெளி தெரிந்தால் பேட்டரி உப்பிவிட்டது. அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜும் போடக் கூடாது. புகை வந்தால் வெளியேறி 101-ஐ அழையுங்கள்.

வாரன்டி காலத்திலேயே இப்படி ஆனால், "நீங்கள் கீழே போட்டிருப்பீர்கள்" என்பதுதான் சர்வீஸ் சென்டரில் வரும் முதல் பதில். அதற்கு முன்பே ஜாப் ஷீட்டில் 'பேட்டரி உப்பியுள்ளது, வெளிக்காயம் இல்லை' என்று எழுதி வாங்குங்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள். ஸ்கூட்டர் என்றால் எத்தனை சதவீதத்துக்குக் கீழ் கொள்ளளவு இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள். பலரும் இதைக் கேட்பதே இல்லை. மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும்.

மாற்று பேட்டரி வாங்கும்போது மேலே அச்சிட்ட 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபாருங்கள். விலை மலிவென்று எண்ணில்லாததை வாங்குவது வீண் துணிச்சல். பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர் மீது வைத்திருக்கின்றன. குப்பைத்தொட்டியில் போடாமல், முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டிச் சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். டேப் இல்லாமல் இரும்புச் சாமானோடு உரசினால் அங்கேயே தீப்பற்றலாம்.