கிணறு வெட்டும்போது ஈயக் கட்டி அகப்பட்டால்

2019 செப்டெம்பரில், வேல்ஸ் நாட்டின் ரோசெட் என்ற ஊரருகே, உலோகங்காணும் கருவியோடு வயலில் நடந்துகொண்டிருந்த ஒருவருக்கு ஈயப் பாளமொன்று அகப்பட்டது. அரை மீற்றர் நீளம். 63 கிலோ எடை. அதில் வார்த்திருந்த எழுத்துகளில், கி.பி. 63 முதல் 69 வரை பிரித்தானியாவில் ரோம ஆளுநராயிருந்த ட்ரெபெல்லியஸ் மாக்ஸிமஸின் பெயர் இருப்பதாக அறிஞர்கள் வாசித்தார்கள்.

எழுத்தே இல்லாத பாளமும் பேசும். ஈயத்தில் 204, 206, 207, 208 என நான்கு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. பின்னவை மூன்றும் யுரேனியமும் தோரியமும் சிதைவதாலும் உருவாகிச் சேர்வதால், அவற்றின் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். தாதுவை உருக்கினாலும் அந்த விகிதம் மாறாது. ஆகவே, எந்த மலையில் வெட்டிய ஈயம் என்று ஆய்வுகூடத்தில் பெரும்பாலும் ஊகிக்கலாம். ஆனால் வெவ்வேறு இடத்து ஈயங்களைச் சேர்த்து உருக்கிவிட்டால் தடயம் கலந்துபோகும்.

பௌதிகவியலாளருக்கும் இந்தப் பழைய ஈயம் வேண்டியிருக்கிறது. புதிதாக உருக்கிய ஈயத்தில் கதிரியக்கமுள்ள ஈயம்-210 இருக்கும். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 22 ஆண்டுகள் என்பதால், ரோமர் காலத்து ஈயத்தில் அது அநேகமாக அற்றுப்போயிருக்கும். சார்டீனியாக் கடலில் மூழ்கிய ரோமக் கப்பலிலிருந்து எடுத்த பாளங்களில் 120ஐ, 2010இல் இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தார்கள். நியூத்திரினோ ஆய்வுக் கருவிக்கு அவை கவசமாயின. எழுத்துள்ள பகுதிகளை மட்டும் வெட்டிப் பாதுகாத்தார்கள்.

ரோமரின் உலோக வணிகம் நம் கடல்வரை எட்டியது. சேர நாட்டுத் துறைமுகமான முசிறிக்குச் செம்பும் வெள்ளீயமும் ஈயமும் வந்திறங்கியதைப் பழைய கிரேக்க நூலான எரித்திரேயக் கடற் பயணக் குறிப்பு சொல்கிறது. இலங்கையிலோ, 2003இல் அம்பாந்தோட்டை அருகே கொடவாயக் கடலில் சங்கு குளிக்கச் சென்றவர்கள் 33 மீற்றர் ஆழத்தில் ஒரு கப்பலின் சிதைவைத் தற்செயலாகக் கண்டார்கள். துருப்பிடித்து ஒட்டிக்கிடந்த உலோகக் கட்டிகளும் கண்ணாடிப் பாளங்களும் அதில் இருந்தன. மரத்துண்டுகளின் கரிமக் காலக்கணிப்பு, அது கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்றது. அதே கொடவாயவில் உள்ள கல்வெட்டொன்று, துறைமுகச் சுங்கவரியை விகாரைக்கு அளித்த முதலாம் கஜபாகு மன்னனைக் குறிக்கிறது. சிலப்பதிகாரம் கூறும் கயவாகு இவனே என்பது அறிஞர் பலரின் கருத்து. இலங்கையின் பழங்கால வணிகம் பற்றி எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று கொடவாயக் கப்பல்தான். அதைக் காட்டித் தந்தவர்கள் கடலில் தொழில் செய்த எளிய மனிதர்கள்.

அதனால்தான் கண்டி மாவட்டத்தின் கலகெதரப் பக்கத்தில் கிணறு வெட்டுகிறவர்களுக்கும் மிளகுத் தோட்டம் கொத்துகிறவர்களுக்கும் சொல்கிறேன்: கனமான உலோகக் கட்டி மண்வெட்டியில் தட்டுப்பட்டால், அதைச் சுரண்டவோ கழுவவோ வேண்டாம், பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுக்கவும் வேண்டாம். கிடந்த இடத்தையும் ஆழத்தையும் படமெடுத்துக்கொண்டு, கிராம உத்தியோகத்தரிடமோ தொல்பொருள் திணைக்களத்திடமோ உடனே சொல்லுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, நிலத்தில் கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அரசுக்குரியது.