கடல்கட்டியின் ஒரு மா

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் தமிழ்க் கரைப் பக்கம் வந்துபோன மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பைப் பற்றி எழுதும்போது ஒரு பங்குக் கணக்கையும் குறித்துவைத்தார். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறா அண்டாமல் மந்திரம் சொல்பவருக்கு. கடல்கட்டி என்று அவருக்குப் பெயர். இரண்டும் போனால் குளித்தவர்களுக்கு மிச்சம் எவ்வளவு?

பள்ளிப் பிள்ளைகள் பலர் 1/10 + 1/20 = 2/30 என்று எழுதிவிடுவார்கள். மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிய விடை. 2/30 என்பது பதினைந்தில் ஒன்று. அது பத்தில் ஒன்றைவிடச் சிறியது. அரசனுக்குக் கொடுத்தபின் கடல்கட்டிக்கும் கொடுத்தால், கொடுத்தது எப்படிக் குறையும்?

இருபது கூடைச் சிப்பி கரையில் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரசனுக்கு இரண்டு கூடை, கடல்கட்டிக்கு ஒன்று. ஆக மூன்று போய், பதினேழு நிற்கிறது. பின்னத்தின் கீழே நிற்கும் எண், அதாவது பகுதி, எத்தனை கூடை என்று சொல்வதில்லை. கூடை எவ்வளவு பெரியது என்றுதான் சொல்கிறது. பெரிய கூடையையும் சிறிய கூடையையும் சேர்த்து எண்ண முடியாது. பெரியதைச் சிறியதில் அளந்துகொட்டிவிட்டால் எண்ணலாம். வேற்றினப் பின்னக் கூட்டல் இவ்வளவுதான்.

நம் பழைய கணக்கில் இந்த வேலையைப் பெயரே செய்துவிடும். 1/20 ஒரு மா, 1/10 இருமா. இருமாவும் ஒரு மாவும் சேர்ந்தால் மும்மா. மார்க்கோ போலோவின் கணக்கு அங்கேயே முடிந்தது.

“முக்காலே மூணு வீசம் முடிஞ்சது” என்று இன்றும் சொல்கிறோம். வீசம் 1/16. முக்காலில் பன்னிரண்டு வீசம் உண்டு. மேலே மூன்று சேர்ந்தால் 15/16. பாக்கி ஒரே வீசம். சொல்லுகிற வாய் ஒரு கூட்டலையும் போட்டுவிடுகிறது.

மாவையும் வீசத்தையும் கூட்டுவது எப்படி? ஒன்று இருபதின் பங்கு, மற்றது பதினாறின் பங்கு. 16, 20 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 80. அந்த 1/80-க்குக் காணி என்று பெயர். மா நாலு காணி, வீசம் ஐந்து காணி. கூட்டினால் ஒன்பது காணி, 9/80. அதற்கும் கீழே 1/320, முந்திரி. காலுக்கு எண்பது முந்திரி, மாவுக்குப் பதினாறு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளைகள் பொது மடங்கைத் தேடவில்லை. அது அவர்கள் நாக்கிலேயே இருந்தது. இதை நாம் கைவிட்டது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

முத்தின் எடையிலும் இதே ஏற்பாடு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நகைகளையும் முத்துகளையும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நிறுத்துச் சொல்கின்றன. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. மஞ்சாடி என்ற அந்தச் சிவப்பு விதை, கழஞ்சில் சரியாக ஒரு மா. கால் கழஞ்சோடு மும்மாக் கழஞ்சு என்றால், தட்டில் ஐந்து விதையோடு மூன்று விதை. எட்டு.

ஆனால் 320-ஐ மூன்றால் வகுத்தால் மீதி வரும். மூன்றில் ஒன்றுக்கு இந்தக் குடும்பத்தில் இடமில்லை. முத்துக் கரையிலோ அந்தப் பங்கு இருந்தது. 1905-இல் எதிர்க்கரையான இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த பெரிய முத்துக்குளிப்பில், குளித்தவர்களுக்கு மூன்றில் ஒன்று, அரசுக்கு இரண்டு. யாரும் பின்னம் போடவில்லை. சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பது குளித்தவர்கள்; அதில் இரண்டைப் பொறுக்குவது அரசு அதிகாரி. எந்தக் குவியல் தங்களுக்கு மிஞ்சும் என்று தெரியாததால் மூன்றையும் சமமாக வைத்தாக வேண்டும்.

அந்த மூன்றில் ஒன்றோடு கடல்கட்டியின் ஒரு மாவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமென்றால் எத்தனை சிப்பியாகப் பார்ப்பது? மூன்றாலும் இருபதாலும் வகுபடுவது அறுபது. அறுபது சிப்பியில் இருபது இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம். 23/60. குவியலில் மிச்சம் 37 சிப்பி.