புள்ளி போனால் ராகமும் போச்சு! இசைக் குறிப்புகளில் ஃபான்ட் மாற்றும்போது...

சென்ற ஆடி மாதம் விடுமுறையில் செம்மேட்டுக்கு வந்திருந்தேன். என் சித்தி மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி விழாவில் தேவாரம் பாட வேண்டும். கொல்லிமலைப் பெண் ஆயிற்றே என்று 'கொல்லி' என்ற பண்ணிலேயே ஒரு பதிகத்தைப் பாட்டு டீச்சர் தேர்ந்தெடுத்திருந்தார். அப்பர் பாடிய முதல் பதிகமும் இந்தப் பண்தான். "பாட்டுக்கு முன்னால் ஸ்வரத்தைப் பழகிவிட்டு வா" என்று சொல்லி, குறிப்பை வேர்டில் டைப் செய்து நாமக்கல்லிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தார். நான் அதைக் கடையில் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன்.

நான்கு நாள் பாடிப் பார்த்தாள். மேலே போகப் போகக் குரல் உடைந்தது. "எனக்குப் பாட்டு வராதுண்ணா" என்று அழவே தொடங்கிவிட்டாள். டீச்சருக்கு போன் செய்தேன்.

"மந்திர ஸ்தாயிக்குக் கீழே புள்ளி வைத்திருக்கிறேனே, பார்க்கவில்லையா?"

"தாளில் ஒரு புள்ளிகூட இல்லையே டீச்சர்!"

"நான் வைத்துத்தானே தம்பி அனுப்பினேன்!"

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. நடுவில் விளையாடியது ஃபான்ட்.

புள்ளிக்கு என்ன அவ்வளவு முக்கியம்?

கொல்லிப் பண் இன்று நவரோஜ் ராகத்தில் பாடப்படுகிறது. அதன் ஆரோகணத்தைப் புள்ளி இல்லாமல் எழுதினால் இப்படி இருக்கும்: ப த நி ஸ ரி க ம ப. இதில் முதல் 'ப' எது, கடைசி 'ப' எது? முதல் மூன்று ஸ்வரங்களும் மந்திர ஸ்தாயி, அதாவது கீழ்க் குரல். அவற்றின் கீழே புள்ளி இருக்க வேண்டும். கீழ் பஞ்சமத்தில் தொடங்கி நடு பஞ்சமத்தோடு நின்றுவிடும் ராகம் இது. புள்ளி இல்லாததால் பாவம், அந்தக் குழந்தை நடு பஞ்சமத்தில் தொடங்கி மேல் பஞ்சமத்துக்கு ஏறப் பார்த்திருக்கிறாள்!

தவறு எங்கே நடந்தது?

டீச்சர் தம் கம்ப்யூட்டரில், எழுத்துக்குக் கீழே புள்ளி போட்டுக் காட்டும் தனி ஃபான்ட் ஒன்றை இன்ஸ்டால் செய்திருந்தார். சாதாரணமாக 'ப' என்று டைப் செய்து, அதை மட்டும் செலக்ட் செய்து அந்த ஃபான்ட்டுக்கு மாற்றுவார். திரையில் புள்ளி வந்துவிடும். ஆனால் ஃபைலுக்குள் இருப்பது வெறும் 'ப'. புள்ளி ஃபான்ட்டின் படத்தில் மட்டுமே இருந்தது. கடைக் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லை. வேர்டு வேறொரு ஃபான்ட்டைப் போட்டுக்கொண்டது. எந்த எச்சரிக்கையும் இல்லை.

ஃபான்ட் மாறினால் மூன்று விதமான கோளாறுகள் வரலாம்.

1. குறி மறைந்துவிடும். இதுவே ஆபத்தானது, பார்ப்பவருக்குத் தவறு என்றே தெரியாது.

2. எழுத்து உளறலாகும். பாமினி ஃபான்ட்டில் டைப் செய்த கடிதம் வேறு கம்ப்யூட்டரில் ஆங்கிலக் குப்பையாகத் தெரிவது போல. அடோபி நிறுவனத்தின் 'சொனாட்டா' என்ற பழைய இசை ஃபான்ட்டில் ட்ரெபிள் கிளெஃப் குறி '&' கீயில் இருந்தது. அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் பாட்டின் தொடக்கத்தில் '&' தான் நிற்கும்.

3. கட்டம் கட்டமாக வரும். இது நல்லது என்பேன். ஏதோ கோளாறு என்று உடனே புரிந்துவிடும்.

உலகம் கண்ட தீர்வு

மேற்கத்திய இசைக் குறிப்பிலும் ஆளுக்கொரு ஃபான்ட், ஃபான்ட்டுக்கொரு வரிசை என்றுதான் இருந்தது. 2013-ல் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் டேனியல் ஸ்ப்ரெட்பரி 'ஸ்மூஃபல்' என்ற பொது வரிசையை வெளியிட்டார். ஒவ்வொரு இசைக் குறிக்கும் ஒரே எண். ட்ரெபிள் கிளெஃப்புக்கு 57424 என்றால், இந்த வரிசையைப் பின்பற்றும் எந்த ஃபான்ட்டிலும் அதே எண்தான். கூடவே 'பிரவுரா' என்ற ஃபான்ட்டையும் இலவசமாகத் தந்தார்கள். தமிழுக்கு யூனிகோட் செய்த உதவியை இசைக் குறிகளுக்கு இது செய்தது எனலாம்.

இதனால் மியூஸ்ஸ்கோர் என்ற இலவச சாஃப்ட்வேரில் ஃபான்ட் மாற்றுவது மிக எளிது. 'ஃபார்மட்' மெனுவில் 'ஸ்டைல்' கிளிக் செய்திடவும். 'ஸ்கோர்' பகுதியில் 'மியூசிக்கல் சிம்பல்ஸ் ஃபான்ட்' என்ற பெட்டி இருக்கும். அதில் லீலண்ட், பிரவுரா, பெட்டலூமா எனப் பல பெயர்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஸ்வரம் மாறாது, தோற்றம் மட்டும் மாறும். பெட்டலூமா கையால் எழுதியது போல இருக்கும். ஆனால் ஸ்வரங்களின் கீழே தமிழில் சாகித்யம் டைப் செய்தால் அதற்கு நீங்கள் போட்ட தமிழ் ஃபான்ட் ஃபைலுடன் போகாது. கவனம் தேவை.

நம் ஊரிலும் இந்த உழைப்பு பழையது. 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் அச்சானது. கமகங்களுக்கென்றே தனிக் குறிகள் அதில் உண்டு. அச்சு கோப்பவர் கையில் ஒரு குறி இல்லையென்றால் வேலை அங்கேயே நின்றுவிடும். கம்ப்யூட்டரோ இல்லாததை விட்டுவிட்டு மேலே போய்விடுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

ஃபைல் உங்களுக்கு வந்தால்: வேர்டில் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' எனச் செல்லுங்கள். 'ஷோ டாக்குமெண்ட் கன்டென்ட்' என்ற பகுதியில் 'ஃபான்ட் சப்ஸ்டிட்யூஷன்' பட்டனைக் கிளிக் செய்திடவும். எந்த ஃபான்ட் இல்லை, அதற்குப் பதில் எது வந்திருக்கிறது என்ற பட்டியல் கிடைக்கும்.

நீங்கள் டைப் செய்தால்: புள்ளியை ஃபான்ட்டில் வைக்காமல் எழுத்திலேயே வையுங்கள். 'ப' என்று டைப் செய்து, உடனே 0323 என்று டைப் செய்து, ஆல்ட் கீயுடன் எக்ஸ் கீயை அழுத்தவும். எண் மறைந்து கீழ்ப்புள்ளி வரும். மேல் ஸ்தாயிக்கு 0307. 'ரி2' போல எண்ணுடன் எழுதுபவர்கள் புள்ளியை முதலில் வைத்துவிட்டு, பிறகு 2 போடவும். இல்லாவிட்டால் அந்த 2-ம் எண்ணோடு சேர்ந்துவிடும். சில தமிழ் ஃபான்ட்களில் புள்ளி சற்று விலகி நிற்கும். வேறு ஃபான்ட் மாற்றிப் பாருங்கள். விலகினாலும் தொலையாது.

மேல் ஸ்தாயி 'ஸ'வுக்கு 'ஸ்' என்று மெய்யெழுத்தையே போட்டுவிடுவோரும் உண்டு. கண்ணுக்குச் சரிதான். ஆனால் ரி, நி வரும்போது இந்த வித்தை பலிக்காது.

அனுப்பும்போது: வேர்டு ஃபைலுடன் பிடிஎஃப் நகல் ஒன்றையும் அனுப்புங்கள். வேர்டு ஃபைலிலேயே ஃபான்ட்டைச் சேர்த்து அனுப்ப, 'ஆப்ஷன்ஸ்' பெட்டியில் 'சேவ்' பகுதிக்குச் சென்று 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல்' கட்டத்தில் டிக் செய்திடவும்.

கடைசியாக ஒரு சோதனை. கன்ட்ரோல் + ஏ அழுத்தி, மொத்தத்தையும் விண்டோஸில் இருக்கும் 'நிர்மலா யூஐ' ஃபான்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். புள்ளி நின்றால் ஃபைல் எங்கே போனாலும் நிற்கும். மறைந்தால் அனுப்பாதீர்கள். பிறகு கன்ட்ரோல் + இசட் அழுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

டீச்சர் இந்த முறையில் மறுபடி டைப் செய்து அனுப்பினார். அதே கடை, அதே கம்ப்யூட்டர். மூன்று ஸ்வரங்களின் கீழேயும் புள்ளி இருந்தது. அன்று மாலையே கீழ் பஞ்சமத்தில் தொடங்கிப் பாடினாள். "இவ்வளவுதானாண்ணா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்!