முடிந்த கதையாக வேண்டும்

எம் தந்தையாரின் தமக்கையாருக்கு இப்பொழுது எழுபத்தாறு வயது. முப்பது ஆண்டுக்கு மேலாக ஆங்கிலம் படிப்பித்தவர். கண்ணழுத்த நோயினாற் பார்வை மங்கி, அச்செழுத்து அவருக்கு எட்டாத பொருளாயிற்று. வாசிப்பையே உணவாகக் கொண்டிருந்தவர் விறாந்தையிற் சும்மா இருப்பதைக் காண எமக்கு மனம் பொறுக்கவில்லை. விடுமுறையொன்றிற் சென்று, கைத்தொலைபேசியில் ஒலிநூல் கேட்கும் வழியைக் காட்டிக் கொடுத்தோம்.

மந்திரவாதிகளும் பறக்கும் நாகங்களும் உலாவும் மாயாஜால நவீனங்களில் மாமிக்குச் சிறுவயது தொட்டே மோகம். ஆகவே பெயர்பெற்ற ஆசிரியர் ஒருவரின் நெடுந்தொடரைத் தேர்ந்தோம். அது இன்னும் முடியாத தொடர் என்பதை நாம் விசாரியாது விட்டதே பிழை. வெளிவந்த பாகங்களைச் சில மாதங்களிற் கேட்டு முடித்துவிட்டு, அடுத்ததைப் போட்டுவிடும்படி சொன்னார். அடுத்த பாகம் இன்னும் எழுதப்படவில்லை என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தார்.

"அவருக்கும் வயசு போட்டுது, எனக்கும் வயசு போட்டுது. ஆர் முந்துறமோ தெரியாது. இனி முடிஞ்ச கதையாப் பாத்துக் கொண்டு வா, தம்பி."

அன்று தொடங்கியது எம் தேடல். நம் முன்னோர் ஏட்டின் கடைசியில் 'முற்றிற்று' என்று எழுதி வைத்தனர். ஆங்கிலப் பதிப்பாளருக்கு அவ்வழக்கம் இல்லை. அப்படி அறிவித்தாலும் அதை முழுவதும் நம்புதற்கில்லை. உர்சுலா லெ குவின் அம்மையார் 'ஏர்த்சீ' தொடரின் முதல் மூன்று நூல்களை 1968 முதல் 1972 வரையில் வெளியிட்டார். 1990இல் நான்காவது வந்தபோது, அதுவே இறுதி நூல் என்று அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2001இல் மேலும் இரண்டு வந்தன! இதில் எமக்குக் குறையில்லை. அவருடைய நூல் ஒவ்வொன்றும் தன்னளவில் நிறைவுடையது. கேட்பவரை நடுக்கடலில் விட்டுப் போவதில்லை. உயர்தர வகுப்பு மாணவருக்கு முதலில் நாம் சொல்வதும் இவற்றைத்தான். சிறிய நூல்கள், தெளிந்த ஆங்கிலம்.

றொபின் ஹொப் அம்மையார் 1995 முதல் 1997 வரையில் மூன்று பாகங்களாக ஓர் அரச குடும்பத்தின் கதையைச் சொன்னார். அவ்வுலகத்துக் கதைகள் 2017இல் பதினாறாவது நூலோடு நிறைவெய்தின. பிரண்டன் சண்டர்சனின் 'மிஸ்ற்போர்ண்' முதல் மூன்று பாகங்களும் 2006 முதல் 2008க்குள் முடிந்தவை. பின்வந்தவை வேறு தலைமுறையின் கதை.

கதை முடிந்திருந்தாற் போதுமோ? காதாற் கேட்பவருக்குக் குரலும் முடிவுவரை ஒன்றாயிருத்தல் வேண்டும். பாதியில் வாசிப்பவர் மாறினால், பழகிய பாத்திரங்கள் அந்நியராகிவிடுவர். சுருக்கப்பட்ட பதிப்பா, முழுப் பதிப்பா என்பதையும் நோக்குக. இங்கிலாந்தில் 1935இல், போரிற் கண்ணிழந்த வீரர்களை முன்னிட்டு, கொன்றாட்டின் நூலொன்றையும் அகதா கிறிஸ்ரியின் நூலொன்றையும் இசைத்தட்டுகளிற் பதிந்து வழங்கினர். கட்டுக் கட்டான தட்டுகளில் இருந்த நூல் இன்று சட்டைப் பையில் இருக்கின்றது.

இத்தகைமை யாவும் ஒருங்கே பெற்றதாக நாம் கண்டது றொபேட் ஜோர்டனின் 'வீல் ஒவ் ரைம்', அதாவது காலச்சக்கரம். முதற்பாகம் வெளிவந்த ஆண்டு 1990. பதினொரு பாகம் எழுதிய ஜோர்டன் 2007இல் நோயினாற் காலமானார். நோயுற்றிருந்த காலத்திலும் முடிவு எங்ஙனம் என்பதை வீட்டாருக்குச் சொல்லியும் குறிப்பெழுதியும் வைத்துப் போனார். அவருடைய நூல்களைப் பதிப்பித்து வந்தவர் மனைவி ஹரியற் அம்மையாரே. அவர், முன்னே குறித்த சண்டர்சனைத் தேர்ந்தெடுத்துப் பணியை ஒப்படைத்தார். ஒரு பாகமாக எண்ணியது மூன்றாக விரிந்து, 2013இல் பதினான்காம் பாகத்தோடு முற்றுப்பெற்றது. நம் கல்கியும் 1954இற் 'பொன்னியின் செல்வ'னை முடித்து, அவ்வாண்டே மறைந்தார். குறையாய் நின்ற 'அமர தாரா'வை மகள் ஆனந்தி முடித்து வைத்தார்.

காலச்சக்கரம் பதினான்கு பாகங்களையும் கேட்க நானூறு மணித்தியாலத்துக்கு மேலாகும். நாளுக்கு இரண்டு மணியானால் ஆறு மாதத்துக்கும் அதிகம். வாசிப்பவர்கள் மைக்கல் கிரேமரும் கேற் றீடிங்கும், கணவனும் மனைவியும். ஆடவரின் நோக்கில் நடக்கும் அத்தியாயங்களை அவரும், பெண்டிரின் நோக்கில் நடப்பவற்றை அவருமாக முதற்பாகம் தொட்டு இறுதிவரை வாசித்திருக்கின்றனர்.

எழுதிய கை மாறிய செய்தியை மாமிக்கு நாம் வேண்டுமென்றே சொல்லவில்லை. குரல் மாறாதபோது எங்ஙனம் அறியப் போகிறார் என்று எண்ணினோம். பன்னிரண்டாம் பாகம் தொடங்கிய நாலாம் நாள் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, இந்த மற் எண்ட பொடியன் முந்திப் பகிடி விடுறது இப்பிடியில்லை. ஆரோ வேறை ஆள் எழுதியிருக்கு. உண்மையைச் சொல்லு."

உண்மையைச் சொன்னோம். சண்டர்சன் தாமே பின்னர் ஒத்துக்கொண்ட குறையும் அதுதான் என்றோம். ஜோர்டன் இறந்த ஆண்டைக் கேட்டார், வயதைக் கேட்டார். ஐம்பத்தெட்டு என்றோம்.

"பாவம்," என்றார். பின், பதின்மூன்றாம் பாகம் இறங்கிவிட்டதோ என்று கேட்டார்.