நுரையும் நுண்ணுயிரும்

1950-களில் மேற்கு ஜெர்மனியின் ஆறுகளில், மதகுகளுக்கும் தடுப்பணைகளுக்கும் கீழே வெண்ணுரை மலைமலையாய்த் திரண்டு நின்றதற்குக் காரணம், வீடுதோறும் சோப்பின் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்ட சலவைத்தூளே. அத்தூளிலிருந்த ரசாயனத்தின் கரியணுத் தொடர் கிளைகிளையாய்ப் பிரிந்திருந்தமையால், தொடரின் நுனியிலிருந்து இரண்டிரண்டு அணுவாக அறுத்துண்ணும் பாக்டீரியாக்கள் கிளை முளைத்த இடத்தில் தடைப்பட்டுப் போயின. 1961-ல் அந்நாடு சட்டம் இயற்றி, 1964 முதல் அப்பொருள் 80 சதவீதமேனும் சிதையக்கூடியதாயிருக்க வேண்டுமென்று விதித்தது. கிளையற்ற நேர்த்தொடர் வந்தது, நுரை வெகுவாக அடங்கிற்று.

இன்று புதிய ரசாயனங்கள் நுண்ணுயிரால் சிதையுமா என்று சோதிக்கும் பரீட்சைகளுள் ‘மூடிய குப்பி’ முறையின் எளிமை வியக்கத்தக்கது. தாது உப்புகள் கரைந்த நீரில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் ரசாயனமும், சுத்திகரித்த சாக்கடை நீரின் சில துளிகளும் சேர்த்து, காற்றுக்குமிழி ஒன்றும் தங்காதவாறு குப்பியை நிரப்பி இருளில் 28 நாள் வைப்பார்கள். வேறு ஆகாரமில்லாத நுண்ணுயிர்கள் அதனை உண்ணுமானால் நீரில் கரைந்த பிராணவாயு குறைந்துகொண்டே வரும். முழுச் சிதைவுக்கு வேண்டிய பிராணவாயுவில் 60 சதவீதம், 10 சதவீதத்தைக் கடந்த 10 நாளுக்குள் செலவாகிவிட்டால், அது எளிதில் சிதைவதென்று கொள்ளப்படும்.

மூலக்கூற்றின் அமைப்பை மட்டும் நோக்கிக் கணிக்கும் ‘பயோவின்’ போன்ற கணினி நிரல்களும் உண்டு. அவற்றின் கணக்கில் சிதைவுக்கு எஸ்டர் பிணைப்பு அனுகூலம், குளோரின் பிரதிகூலம். ஆயினும் கணிப்பையும் குப்பியையும் மட்டும் நம்பி ஆற்றை ஒப்படைப்பது தகாது: அந்த நேர்த்தொடர்ப் பொருளேகூடப் பிராணவாயுவற்ற சேற்றில் எளிதில் சிதைவதில்லை.