கல்லை எடுக்கும் முன் அலகைப் பாருங்கள்
அவிநாசி வட்டாரத் தோட்டங்களுக்கு வரும் பறவைகள்: எது காவல், எது களவு?

அவிநாசிப் பகுதி விவசாயிகள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வந்த அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரி நீரில் ஒன்றரை டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் மூலம் மேட்டுக்கு ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் உள்ள 1,045 ஏரி, குளம், குட்டைகளை நிரப்புவது இத்திட்டம். அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. ஊத்துக்குளி தாலுகாவில், திருப்பூரிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் உள்ள நஞ்சராயன் குளம், உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தி ஆகஸ்ட் 14-ல் வெளியானது. நல்லாற்று நீர் வந்து தேங்கும் இந்தக் குளம் 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 126 ஹெக்டேர். இங்கே 191 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன.

குளத்துக்குத் தண்ணீர் வருவதில் விவசாயிகளுக்கு மகிழ்ச்சி. தண்ணீரோடு பறவையும் வருமே என்றால் முகம் சற்று மாறுகிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. விதைத்த கடலையை மயில் கிளறுகிறது. பால் பிடித்த கம்பைக் கிளி கடிக்கிறது. சோளக் கதிரில் குருவிக் கூட்டம் விழுகிறது. சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நாலு மூட்டை கடலை கொண்டு போக வேண்டியவர், மூன்றோடு போக நேர்ந்தால் அவருக்குப் பறவையின் அழகு தெரியாது. ஆனால் கல் எறியும்போதும் தகரம் தட்டும்போதும், களவாடுகிற பறவையோடு காவல் நிற்கிற பறவையும் சேர்ந்துதான் பறந்து போகிறது. அந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அலகு சொல்லும் செய்தி

தோட்டத்தில் இறங்கும் பறவை எதைத் தின்ன வந்தது என்று அறிய அதன் அலகைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். சிட்டுக்குருவி, தூக்கணாங்குருவி, தினைக்குருவி ஆகியவற்றுக்குக் கட்டையான கூம்பு அலகு. அது தானியம் உடைக்க ஏற்றது. கிளிக்கு வளைந்த அலகு. கதிரையும் காயையும் கடித்துப் போடும். கரிச்சான், பஞ்சுருட்டான், வாலாட்டி, கொண்டலாத்தி, உண்ணிக்கொக்கு ஆகியவற்றின் அலகு தானியம் உடைக்க ஆகாது. இவை கதிரில் உட்கார்ந்தாலும் தேடுவது புழுவையும் வெட்டுக்கிளியையும்தான்.

இரட்டைவால் குருவி என்கிற கரிச்சானைத் தெரியாத விவசாயி இல்லை. மாட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும்; புல்லிலிருந்து பூச்சி கிளம்பினால் பாய்ந்து பிடித்துத் திரும்பும். தன் கூட்டுப் பக்கம் வந்தால் காக்கையையும் பருந்தையும்கூட விரட்டும். ஏர் ஓட்டும்போது பின்னால் வரும் மைனாவும் கொக்கும் பொறுக்குவது மண்ணிலிருந்து வெளிப்படும் புழுக்களையும் கூண்டுப் புழுக்களையும். டிராக்டர் வந்த பிறகும் அவை அந்த வழக்கத்தை விடவில்லை. கம்பளிப் புழுவை அதன் ரோமத்துக்கு அஞ்சிப் பல பறவைகள் தொடுவதில்லை. தலையில் கொண்டையும் கறுப்பு வெள்ளை உடலுமாக மழைக் காலத்தில் கூவித் திரியும் சுடலைக் குயில் அதையும் தின்னும். மானாவாரிக் கடலைக் காட்டில் இந்தக் குயிலின் சத்தம் கேட்டால் கம்பளிப் புழு இருக்கிறதா என்று செடியைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

தானியம் தின்னும் பறவையிலும் ஒரு விஷயம் உண்டு. சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் பூச்சியைத்தான். கிணற்று மேட்டுத் தென்னையில் கூடு தொங்கும் மாதங்களில் அதே குருவி தோட்டத்துக்கு வேலை செய்கிறது.

இதைக் கவனிக்காமல் பெரிய அளவில் கை சுட்டுக்கொண்ட நாடு சீனா. 1958-ல் தானியம் தின்கிறது என்று சிட்டுக்குருவிகளை நாடு முழுவதும் கொன்றார்கள். குருவி குறைந்ததும் பூச்சி பெருகியது. அடுத்து வந்த பெரும் பஞ்சத்துக்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1960-ல் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அதே நாட்டின் சின்ஜியாங் பகுதியில் 1980-களிலிருந்து வெட்டுக்கிளியை அடக்குவதற்காகக் கல்லடுக்கிக் கூடு கட்ட இடம் செய்து ஒரு பறவையை வரவழைக்கிறார்கள். அது வேறெதுவும் இல்லை. குளிர்காலத்தில் நம் பக்கம் கூட்டம் கூட்டமாக வந்து சோளக் கதிரில் இறங்கும் சோளக்குருவி. கறுப்புத் தலையும் வெளிர்சிவப்பு உடலும் கொண்டது. சூறைக்குருவி என்றும் சொல்வார்கள். அங்கே விருந்தாளி, இங்கே திருடன். இங்கும் கதிர் முற்றாத காட்டில் அது பொறுக்குவது பூச்சியைத்தான்.

பறவை தாங்கி

காவல் பறவைக்கு உட்கார இடம் கொடுத்தால் போதும், சம்பளம் கேட்காது. மூன்று நான்கு அடி உயரக் குச்சியின் தலையில் குறுக்கே ஒரு குச்சியைக் கட்டி நட்டால் அதுவே பறவை தாங்கி. ஏக்கருக்கு 15 முதல் 20 வரை நடலாம். கிளையுள்ள காய்ந்த மிலாறும் ஆகும். நிலக்கடலை, பருத்தி, பயறு வகைகளில் புரொடீனியாப் புழுவும் காய்ப்புழுவும் கண்ணில் படுமுன்பே நட்டுவிட வேண்டும். புழு பெருகிய பிறகு நட்டால் பலன் குறைவு.

ஒரு எச்சரிக்கை. சோளம், கம்பு போன்ற பயிர்களில் கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் தாங்கிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரிச்சான் உட்கார்ந்த இடத்தில் கிளியும் குருவியும் உட்காரும். இதை மறந்துவிட்டுத் தாங்கியால்தான் நஷ்டம் என்று சொல்வதில் பயனில்லை.

சாக்குருவியும் எலி மருந்தும்

பகலில் கரிச்சான் உட்காரும் தாங்கியில் இரவில் ஆந்தை உட்காரும். இதய வடிவ வெள்ளை முகம் கொண்ட கூகையைச் சாக்குருவி என்று பழிப்பதும், வீட்டுப் பக்கம் கத்தினால் விரட்டுவதும் நம் பக்கத்து வழக்கம். அதன் முக்கிய இரை எலி. குஞ்சு உள்ள நாட்களில் ஓர் இரவுக்குப் பல எலிகளைக் கொண்டு போகும். நம்பாதவர்கள் சோதித்துப் பார்க்கலாம். பாழடைந்த கட்டிடம், பழைய கிணற்றுப் பொந்து போன்ற அதன் இருப்பிடத்துக்குக் கீழே கறுப்பு உருண்டைகள் கிடக்கும். செரிக்காத எலும்பையும் ரோமத்தையும் அது வாய்வழியாகக் கக்கிப் போட்டவை. ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலியின் மண்டையோடும் பல்லும் வரும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

எலி மருந்து வைப்பவர்கள் இங்கே யோசிக்க வேண்டும். மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை, தடுமாறித் திரியும். அதைத்தான் ஆந்தை எளிதில் பிடிக்கும். எலியோடு எலி பிடிப்பவனும் போனால் அடுத்த போகத்தில் எலி மட்டும் திரும்பி வரும். கிட்டிப் பொறி வைப்பது நல்லது. மருந்து வைத்தே ஆகவேண்டும் என்றால் காலையில் காட்டைச் சுற்றிச் செத்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும்.

மயில்

மயிலுக்கு இதுதான் தீர்வு என்று அறுதியிட்டுச் சொல்ல இன்று எதுவும் இல்லை. விவசாயிகளின் குறை உண்மையானது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் உள்ளது. விஷம் வைத்துக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை. அந்த விஷத் தானியத்தைப் புறாவும் காடையும் வீட்டுக் கோழியும் தின்னும் என்பது வேறு.

செய்யக்கூடியது இவ்வளவே. கடலை விதைத்து முளைத்து நிலைபெறும் முதல் இரு வாரமும், காய் முற்றும் கடைசி வாரங்களும்தான் ஆபத்தான நாட்கள். மயில் மேய வருவது பெரும்பாலும் விடியலிலும் சாயங்காலத்திலும். அந்த நேரக் காவல் பகல் முழுவதும் கத்துவதைவிடப் பயன் தரும். காற்றில் பளபளக்கும் ஒளிநாடாவைக் கட்டலாம். ஒரே இடத்தில் விட்டால் சில நாட்களில் மயில் பழகிவிடும். இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காட்டோரம் புதராக மண்டிய சீமைக் கருவேலத்தை அகற்றலாம். ஆனால் அதோடு சேர்த்துக் கிளுவை வேலியையும் அழித்துக் கம்பி கட்டுவது தவறு. கிளுவை வேலியில்தான் கரிச்சானும் தவிட்டுக்குருவியும் கீரியும் ஓணானும் ஒதுங்குகின்றன. மயிலுக்குப் புண்ணியத்துக்கு அரிசி இறைப்பவர்கள் அதை நிறுத்திவிட வேண்டும். மனிதரிடம் பயம் விட்ட மயில் பக்கத்துக் காட்டுக்காரருக்குத்தான் செலவு.

தண்ணீர் வைப்பது மேல்

குருவிகளுக்கு இரை வைக்க விரும்புவோர் பழைய முறைப்படி தாழ்வாரத்தில் கதிர்க் கொத்து ஒன்று கட்டித் தொங்கவிட்டாலே போதும். உப்புப் போட்ட பண்டமும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். கோழி வளர்ப்பவர்கள் கொட்டிலுக்குப் பக்கத்தில் காட்டுப் பறவைக்குத் தீனி போடவே கூடாது. வெள்ளைக் கழிச்சல் போன்ற நோய் புறா மூலமாகவும் வரும்.

மாசி முதல் வைகாசி வரை இரையைவிடத் தண்ணீரே தேவை. அகன்ற மண்சட்டியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் தண்ணீர் ஊற்றி, நடுவே ஒரு கல்லைப் போட்டு, நிழலில், பூனை பதுங்க இடமில்லாத திட்டில் வைக்க வேண்டும். தினம் கழுவி மாற்றினால் கொசுப் புழு வராது. புதுப்பாளையம் பக்கம் கௌசிகா நதிப் படுகையில் உள்ள புள்ளிமான்கள் கோடையில் தண்ணீர் தேடி ஊருக்குள் வந்து நாய்களிடம் சிக்குவதுண்டு. அங்கே மானைக் கண்டால் துரத்தாமல் நாயைக் கட்டிவிட்டு வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

குளத்துக் கொக்கு

புதிதாக நிரம்பும் குட்டைகளில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் இறங்கினால் மீன் குத்தகைக்காரர்கள் முறைப்பார்கள். செங்கல்பட்டுப் பகுதியில் வேடந்தாங்கல் கிராமத்தார் இதை வேறு விதமாகப் பார்த்தவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்று கண்டு, பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுத்தார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் உரிமைச் சாசனமும் வாங்கினார்கள். பக்கத்தில் ஈரோடு மாவட்டம் வெள்ளோட்டிலும், சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியிலும் தீபாவளிக்கு ஊரார் வெடி வெடிப்பதில்லை. அவிநாசி வட்டாரக் குட்டைகளில் அவ்வளவு பறவை சேர நாளாகும். இப்போதைக்குக் கரையில் உள்ள நாட்டு வேலமரங்களை வெட்டாமல் விடுவதும், பனியன் கம்பெனித் துணிக் கழிவையும் பாலிதீனையும் குட்டையில் கொட்டவிடாமல் பார்ப்பதும் அந்தந்த ஊர்க்காரர் கையில் இருக்கிறது.

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இருக்கும் இடத்திலேயே குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் குறித்து, இ-பேர்ட் என்ற தளத்தில் செல்போன் மூலம் பதிவு செய்ய வேண்டும். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இது சிரமமில்லை. மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டக் குட்டைக்குப் போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போகலாம். பெயர் தெரியாத பறவைக்கு அலகின் வடிவம், வாலின் நீளம், எதைக் கொத்தியது என்ற மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டால் பிறகு விசாரித்துப் பெயர் போட்டுக்கொள்ளலாம்.