காசி மொழி வழிபாட்டுப் பாடல்களில் கடவுளின் பால்: ஹாஜொம் கிசோர் சிங்கின் பணியை முன்வைத்து

1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள், இன்றைய மேகாலயாவின் கிழக்குப் பகுதியிலுள்ள ஜோவாயில், ஹாஜொம் கிசோர் சிங் (1865–1923) என்னும் இருபத்திரண்டு வயது இளைஞரின் வீட்டில் மிகச் சிலர் கூடி வழிபாடு நடத்தினர். கடவுள் ஒருவரே; தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூன்று ஆள்நிலைகள் அவரிடத்து இல்லை என்பது யூனிட்டேரியன் கிறித்தவர்களின் கொள்கை. காசி மலைகளில் அக்கொள்கைக்கு அந்தக் கூட்டமே தொடக்கமாயிற்று. (காசி என்பது இங்கு மலையையும் மக்களையும் மொழியையும் குறிக்கும்; கங்கைக்கரை நகரத்தை அன்று.) அரசு அலுவலில் இருந்துகொண்டே அச்சபையை வழிநடத்திய சிங், அதற்கென வழிபாட்டு முறையையும் பாடல்களையும் காசி மொழியில் ஆக்கினார். கடவுளின் ஒருமையைப் பாட முற்பட்ட ஒருவருக்குக் காசி இலக்கணம் எத்தகைய நெருக்கடியைத் தந்தது, அது தமிழில் பெயர்ப்போருக்கு என்னவாக மாறுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிங் பிறந்த காலத்தில் காசி மொழியின் எழுத்து வழக்குக்கு வயது கால் நூற்றாண்டுக்குச் சற்றே குறைவு. 1841-இல் சோரா எனப்படும் சிரபுஞ்சிக்கு வந்த வேல்சு நாட்டு மறைப்பணியாளர் தாமசு ஜோன்சு, அம்மொழியை உரோமன் எழுத்தில் எழுதத் தொடங்கினார். அதற்குமுன் செராம்பூர் மறைப்பணியாளர் வங்க எழுத்தைக் கொண்டு செய்த முயற்சி நிலைக்கவில்லை. சோராவின் பேச்சே எழுத்து வழக்காக நிலைபெற்றது. சிங் சபை தொடங்கிய ஜோவாயிலோ மக்கள் பேசுவது ப்னார். ஆகவே அங்குள்ளோர்க்கு எழுத்து வழக்குக் காசியில் பாடுவது என்பதே வீட்டு மொழியிலிருந்து ஓரடி விலகி நிற்பதாகும். முழு விவிலியமும் காசியில் நிறைவுற்றது 1891-இல். ஜோவாய் வழிபாடு அதற்கு நான்கு ஆண்டுகள் முந்தியது.

பதின்ம வயதில் வேல்சு மறைப்பணியாளரின் கால்வினியச் சபையில் சேர்ந்த சிங், அங்குப் போதிக்கப்பட்ட திரித்துவத்தையும் நிலையான நரகத்தையும் ஏற்க இயலாது தவித்தார். கல்கத்தாவில் இருந்த அமெரிக்க யூனிட்டேரியன் போதகர் சார்லசு டாலுக்குக் கடிதம் எழுதினார். அவர் வழியாகச் சானிங்கின் நூல்கள் கிடைத்தன. 1886-இல் டால் மறைந்தபின் அமெரிக்காவின் மிச்சிகனில் இருந்த ஜாபெசு சண்டர்லாண்டுடன் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. சண்டர்லாண்டு 1896-இல் காசி மலைகளுக்கு நேரில் வந்தார். பிற்காலத்தில் இந்திய விடுதலைக்காக எழுதி, ஆங்கில அரசு தடைசெய்த நூலொன்றின் ஆசிரியரானவரும் இவரே.

திரித்துவச் சபையினரின் பாடல்களை ஒரு சொல் மாற்றி எடுத்துப் பாடிவிடலாம் என்று தோன்றலாம். அது எளிதன்று. பல பாடல்களின் இறுதிக் கண்ணி மூன்று ஆள்நிலைகளையும் பெயர் சொல்லி வாழ்த்துவது. அதை வெட்டினால் பாட்டு முடமாகும். புதிய பாடல்கள் வேண்டியிருந்தன. இவ்வகையில் தமிழுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. பிறப்பில் திருவேங்கடம் எனப் பெயர்கொண்ட வில்லியம் ராபர்ட்சு 1795-இல் சென்னையில் யூனிட்டேரியன் சபை ஒன்றை நிறுவி, அதன் வழிபாட்டைத் தமிழில் அமைத்தார். ஆனால் அவர் முன் இருந்த தமிழும் சிங்கின் முன் இருந்த காசியும் ஒரே வகை மொழிகள் அல்ல.

காசி, ஆசுத்திரோ-ஆசியக் குடும்பத்து மொழி. அதில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் தனக்குரிய சுட்டிடைச்சொல்லுடன் வரும்: ஆண்பாலுக்கு 'உ', பெண்பாலுக்கு 'கா', பன்மைக்குக் 'கி', சிறுமையும் அன்பும் தோன்றக் கூறுமிடத்து 'ஈ'. உயர்திணைக்கு மட்டுமன்று, உயிரற்ற பொருளுக்கும் இது பொருந்தும். ஞாயிறு பெண்பால் (கா ஸ்ங்ஙி). திங்கள் ஆண்பால் (உ ப்னாய்). மேலும், இச்சொல் பெயரோடு நின்றுவிடுவதில்லை. வினைக்கு முன்னும், பெயரை விரிக்கும் எச்சத் தொடருக்கு முன்னும் மீண்டும் மீண்டும் வரும். 'கடவுள் நேசிக்கிறார்' என்னும் இரு சொல் தொடரைக் காசியில் சொன்னால், பால் காட்டும் சொல் கடவுளுக்கு முன் ஒருமுறையும் நேசிப்புக்கு முன் ஒருமுறையும் ஒலிக்கும். நான்கடிப் பாட்டொன்றில் அது எத்தனை முறை ஒலிக்கும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கடவுளைக் குறிக்கும் காசிச் சொல் 'ப்லேய்'. அன்றாட வணக்கமும் நன்றியுமான 'குப்லேய்' என்பதிலும் அச்சொல்லே உள்ளது. விவிலியம் 'உ ப்லேய்' என ஆண்பாலாக நிலைநிறுத்தியது. மரபுச் சமயத்தில் நிலைமை அவ்வளவு உறுதியானதன்று. படைப்போன் ஆண்பாலில் அழைக்கப்பட்டபோதும், அத்தெய்வத்துக்குப் பெண்பால் அடையும் அடிக்கடி வழங்குவதை 1907-இல் வெளியான தம் நூலில் கர்டன் பதிவு செய்து, தாய்வழிச் சமூக அமைப்பே அதற்குக் காரணம் எனக் கருதினார். குலமும் சொத்தும் தாய்வழி செல்லும் சமூகத்தில் இது வியப்பன்று.

இங்கேதான் நெருக்கடி. யூனிட்டேரியன் கொள்கையின் உயிர்நாடி 'ஒன்று' என்னும் எண். காசியில் அவ்வெண்ணும் பால் ஏற்கும்: ஆண்பாலுக்கு 'உவேய்', பெண்பாலுக்குக் 'காவேய்'. கடவுள் ஒருவர் என்று முழுத் தொடராகச் சொல்ல வாய் திறந்தாலே, ஆணா பெண்ணா என்று மொழி கேட்டுவிடும். தமிழிலும் ஒருவன், ஒருத்தி, ஒன்று என்ற பாகுபாடு உண்டு. ஆயின் 'ஒருவர்' என்னும் உயர்வுப் பொதுச்சொல் தமிழனைத் தப்பவிடுகிறது. காசியின் படர்க்கையில் அத்தகைய வழி இல்லை.

சிங் தம் சபையின் நம்பிக்கைகளை வரையறுத்தபோது கடவுளின் ஒருமையை முதலிலும், கடவுளின் தந்தைமையையும் தாய்மையையும் அதனை அடுத்தும் வைத்தார். மாந்தரின் உடன்பிறப்புரிமை, அன்பு, மீட்பு, இறவாமை முதலியன பின்னரே வருகின்றன. கடவுளைத் தந்தையும் தாயுமாக அழைப்பது அவருக்கு முன்னரும் இருந்ததே. பாசுடனில் தியோடர் பார்க்கர் அவ்வாறு வேண்டினார். வங்கத்தில் கேசவ சந்திர சென் கடவுளின் தாய்மையைப் போதித்தார். அவற்றின் தாக்கத்தை மறுக்க வேண்டியதில்லை. எனினும் ஆங்கிலத்தில் தாய்மை என்பது தந்தைக்குக் கூட்டிச் சேர்க்கப்படும் ஒரு பண்பு. காசியில் அது 'உ' என்ற ஒற்றை எழுத்து அடிதோறும் மறுத்துக்கொண்டிருக்கும் பாதியை மீட்டுத் தருவது. ஒரே கொள்கைத் தொடர் இரு மொழிகளிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சிங்கைச் சானிங்கின் காசி மாணவராக மட்டும் காண்போர் இதனைத் தவறவிடுகின்றனர்.

பாட்டு என்னும் வடிவத்துக்கு மட்டும் உரிய ஒரு வாயிலும் உண்டு. காசியின் முன்னிலைப் பெயர்கள் மூன்று: ஆணை ஒருமையில் விளிக்க 'மே', பெண்ணை விளிக்கப் 'பா', மதிப்பும் பன்மையும் தோன்றப் 'பி'. மூன்றாவது பால் காட்டாதது. கடவுளைப் பற்றிப் பேசும் அறிக்கை படர்க்கையில் அமைவதால் பால் காட்டியே தீரவேண்டும். கடவுளை நோக்கிப் பேசும் பாட்டோ மதிப்பு முன்னிலையைக் கைக்கொண்டால் அச்சுமையை இறக்கிவைக்கலாம். கொள்கை விளக்கத்தைவிட வழிபாட்டுப் பாடலே யூனிட்டேரியன் நம்பிக்கைக்கு இசைந்த இலக்கண வடிவம் எனலாம்.

யாப்பைப் பற்றியும் ஒரு சொல். காசிச் சொற்கள் பெரும்பாலும் ஓரசை. ஈரசையாயின் அழுத்தம் இரண்டாவதில் விழும். முன்வரும் சுட்டிடைச்சொல் அழுத்தமற்றது. எனவே மெலிந்தும் வலிந்தும் மாறிவரும் ஆங்கில, வேல்சு இசைப்பா அடிகளில் காசித் தொடர்கள் இயல்பாக அமர்கின்றன. வேல்சு நாட்டுப் பண்ணின் மெட்டிலேயே காசி நாட்டு வாழ்த்தும் பாடப்படுவது இதற்குச் சான்று. தமிழுக்கு இந்த வசதி வாய்க்கவில்லை. குறில் நெடிலை அளவாகக் கொண்ட அசையும், எதுகையை எதிர்பார்க்கும் செவியும், ஒட்டுகளால் நீளும் சொற்களும் ஐரோப்பிய மெட்டில் திணறின. செருமானிய ஞானப்பாட்டுகளின் தமிழ் வடிவங்கள் அத்திணறலைக் காட்டும். தஞ்சை வேதநாயக சாத்திரியார் கீர்த்தனைக்குத் திரும்பியதன் பின்னணியும் இதுவே.

காசியிலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பவர் எதிர்கொள்ளும் இடர் வேறு. தந்தையும் தாயுமான ஒரே கடவுள் என்பதற்குத் தமிழில் சொல் தேட வேண்டியதில்லை. அம்மையப்பன் ஆயத்தமாக இருக்கிறது. அதுவே இடர்ப்பாடு. அச்சொல் சிவனையும் உமையையும், மாதொருபாகன் திருவுருவையும் உடன் அழைத்து வரும். தாயுமானவர் என்றால் திருச்சிராப்பள்ளி மலை கண்முன் நிற்கும். 'மாதா' என்றால் கிறித்தவச் செவிக்கு மரியாள். 'கர்த்தர்' கடவுளுக்கும் இயேசுவுக்கும் பொதுவாகிவிட்டதால், இவ்விருவரையும் வேறுபடுத்துவதையே கொள்கையாகக் கொண்ட பாட்டுக்கு அது பயன்படாது. 'கடவுள்' என்பதும் 'நீர்' என்பதும் எஞ்சுகின்றன. இரண்டும் பால் காட்டாதவை. ஆதலின் காசிப் பாடகர் உழைத்துப் பெற்றது தமிழில் உழைப்பின்றிக் கிடைத்து, கிடைத்ததே தெரியாமல் போய்விடும்.

அதனை ஈடுசெய்ய ஒரு வழி, காசியில் தாய்மை வெளிப்படையாக வரும் இடங்களில் தமிழில் 'தாயும் தந்தையும்' என்று தாயை முன்வைத்து விரித்தே சொல்வது. தொகைச்சொல்லைவிட இவ்விரிவு சமயச் சார்பு குறைந்தது; தமிழின் இயல்பான சொல்வரிசையும் அதுவே. காலைப் பாடல்களில் ஞாயிறு வருமிடத்து இவ்வளவும் கைகூடாது. 'கா ஸ்ங்ஙி' என்னும் பெண்பால் ஒளியை 'ஞாயிறு' என்று அஃறிணையாக்கலாம். 'கதிரவன்' என்று ஆணாக்குவதை மட்டுமேனும் தவிர்க்கலாம்.